பிராக்ஸி மேடம் லீவு போட்ட கதை

என் மனைவிக்கு லீவு போடத் தெரியாது. நீச்சல் தெரியாதவர்கள் இருக்கிறார்கள், சைக்கிள் ஓட்டத் தெரியாதவர்கள் இருக்கிறார்கள், இவளுக்கு இது. ஞாயிற்றுக்கிழமை காலையில் தெருவே போர்வைக்குள் கிடக்கும்போது இவள் ஸ்கூட்டரை வெளியே தள்ளிக்கொண்டிருப்பாள். "காபி ஆறறதுக்குள்ள வந்துடறேங்க" என்பாள். காபி ஆறும், அதை நானே குடிப்பேன், இன்னொன்று போடுவேன், அதுவும் ஆறும்.

அவள் ஒரு கல்லூரியின் கம்ப்யூட்டர் மையத்தில் வேலை பார்க்கிறாள். அங்கே மாணவரோ ஆசிரியரோ, யார் இணையத்துக்குள் போனாலும் ஒரே ஒரு மெஷின் வழியாகத்தான் போக வேண்டும். பிராக்ஸி சர்வர் என்று அதற்குப் பெயர். வாசலில் உட்கார்ந்த வாட்ச்மேன் போல, யார் எங்கே போனார்கள், எப்போது போனார்கள் என்று அது ஒரு வரி விடாமல் எழுதும். அந்தப் பதிவுக்கு லாக் என்று பெயர். கஷ்டம் என்னவென்றால் இந்த வாட்ச்மேனுக்கு எழுதத்தான் தெரியும், நிறுத்தத் தெரியாது. லாக் பெருத்துக்கொண்டே போகும். டிஸ்க் நிரம்பினால் மெஷின் படுத்துவிடும், கல்லூரி முழுக்க இணையம் போய்விடும். அதனால் தினமும் ஒருவர் பழைய லாக்குக்குத் தேதி போட்டு, சுருக்கி, வேறொரு மெஷினில் பத்திரப்படுத்தி, புது ஃபைலைத் திறந்து விட வேண்டும். அழிக்கக் கூடாது, யாராவது கேட்டால் எடுத்துக் காட்ட வேண்டும் என்பது அங்கே விதி. வெளியிலிருந்து தொட முடியாதபடி மெஷினைப் பூட்டி வைத்திருந்தார்கள். நேரில் போய் உட்கார்ந்தால்தான் வேலை நடக்கும். உட்காருகிறவள் என் மனைவி.

மாணவர்கள் அவளுக்கு பிராக்ஸி மேடம் என்று பெயர் வைத்திருந்தார்கள். வகுப்புக்கு வராதவனுக்காக இன்னொருவன் குரல் கொடுத்து வருகை போடுவதையும் அவர்கள் பிராக்ஸி என்றுதான் சொல்வார்களாம். இவளோ ஒரு நாள்கூடத் தன் நாற்காலியில் வேறு ஆளை உட்கார வைக்காதவள். என் தங்கை மகள் கல்யாணத்தில் எல்லாரும் போட்டோவுக்கு நிற்கும்போது இவள் ஊர் திரும்பும் பஸ்ஸில் இருந்தாள். அந்த போட்டோவில் நான் மனைவி இல்லாத மனிதனைப் போல முழித்துக்கொண்டு நிற்கிறேன்.

நான் டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறவன். தினமும் நாலு பேர் என்னைக் கொல்லப் பார்க்கிறார்கள், அதனால் எனக்குக் கோபம் மூக்கு நுனியில் இருக்கும். "ஒரு மெஷினக் கட்டிக்கிட்டு அழறியே!" என்று ஒருநாள் கத்தினேன்.

"கட்டிக்கிட்டது உங்களத்தான். அழறது ரெண்டு பேருக்கும் சேத்து" என்றாள்.

"மெஷின் வேலைய மெஷினே பாத்துக்காதா?"

"பாத்துக்கும். சாவிக்கொத்து விடணுமே."

சாவிக்கொத்து என்பது கல்லூரி அலுவலகக் கண்காணிப்பாளர். அத்தனை அறைகளின் சாவியும் அவர் இடுப்பில்தான் தொங்கும். அவர் வருவதற்கு முன்னால் சத்தம் வந்துவிடும். கெட்டவர் இல்லை, பயந்தவர். இவளுக்கு முன்னால் இருந்த ஆள் இந்த ஃபைல் மாற்றும் வேலையைத் தானியங்கியாகச் செய்கிறேன் என்று ஏதோ எழுதி வைத்தாராம். அது ஒரு வாரத்துப் பதிவை விழுங்கிவிட்டது. சரியாக அந்த வாரத்துப் பதிவைக் கேட்டு ஒரு விசாரணை வந்தது. விசாரிக்க வந்தவர்கள் முன்னால் சாவிக்கொத்து வெறுங்கையோடு நின்றார். சூடு கண்ட பூனை அடுப்பண்டை போகுமா? அன்றிலிருந்து, கையால்தான் மாற்ற வேண்டும் என்பது உத்தரவு.

இப்படியே வருஷங்கள் ஓடியிருக்கும். ஆனால் என் மச்சானின் சிறுநீரகம் கெட்டது.

மச்சான் என்றால் இவளுடைய அண்ணன், லாரி மெக்கானிக். இவளுக்கு அப்பா அம்மா இல்லாத குறையை அவர்தான் தீர்த்தார். நாற்பத்தைந்து வயதுக்காரியை இன்னும் பாப்பா என்றுதான் கூப்பிடுவார். இரண்டு வருஷமாக வாரத்துக்கு மூன்று நாள் ஊசி குத்தி, ரத்தத்தை வெளியே எடுத்துச் சுத்தம் செய்து உள்ளே விட்டுக்கொண்டிருந்தார்கள். லாரி இஞ்சினைத் தனியாகப் புரட்டிய கை, தண்ணீர்ப் பாட்டில் மூடியைத் திருகத் தடுமாறியது. அண்ணியின் சிறுநீரகம் பொருந்தவில்லை. இவளுடையது பொருந்தியது. டாக்டர் சொல்லி வாய் மூடவில்லை, இவள் "எப்ப சார் பண்ணலாம்?" என்று கேட்டுவிட்டாள்.

சம்மதிக்க வேண்டியவர் மச்சான்தான். அவர் பிடித்த முயலுக்கு மூன்றே கால். "தங்கச்சி உடம்புல கத்தி வச்சுதான் நான் மூச்சு விடணுமா?" என்று மாதக்கணக்கில் முகத்தைத் திருப்பிக்கொண்டிருந்தார். அண்ணி அழுதாள், நான் கத்தினேன், எதுவும் நடக்கவில்லை. கடைசியில் இவள் போய் அவர் கட்டிலில் உட்கார்ந்து, "நீ போயிட்டா என்னப் பாப்பான்னு கூப்பிட யாரு இருக்கா?" என்று மட்டும் கேட்டாளாம். தலையாட்டிவிட்டார். ஆனாலும் ஒரு கண்டிஷன் போட்டார். "நாள் குறிங்க. ஆனா உன் பக்கத்துல ஏதாவது தடங்கல் வந்தா, அத்தோட விட்டுடணும். மறுபடி கேக்கக் கூடாது."

மருத்துவமனையில் நாள் குறித்தார்கள். மச்சானின் இதயம் களைத்துப்போயிருக்கிறது, இதற்கு மேல் தள்ளினால் உடம்பு ஆபரேஷனைத் தாங்காது என்றும் டாக்டர் எங்களிடம் தனியாகச் சொன்னார். ஆகவே அந்த நாள்தான், அதை விட்டால் மச்சான் இல்லை. இதைப் புரிந்துகொள்ள எனக்கு ஒரு ராத்திரி தேவைப்பட்டது. இவள் மறுநாள் காலையே சாவிக்கொத்தின் மேஜைக்கு முன்னால் நின்றாள்.

அவர் பதறிப்போனாராம். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காரச் சொன்னாராம். "எவ்வளவு பெரிய காரியம்மா! லீவு எவ்வளவு வேணுமோ எடுத்துக்கோங்க." அப்புறம் மெல்ல, "ஃபைல்?" என்றாராம்.

"மெஷினே மாத்திக்கும் சார்."

"மறுபடியுமா?" சாவிகள் குலுங்கின. "பரீட்சை முடிஞ்சு காலேஜ் மூடின பிறகு வச்சுக்கக் கூடாதா? அப்ப மெஷினையே அணைச்சுப் போட்டுடலாம்."

"நாள் மாறாது சார்."

"நீங்க சொல்றது நியாயம்தான். ஆனா நான் ஒரு தடவ நின்ன மாதிரி இன்னொரு தடவ நிக்க முடியாதும்மா." கடைசியில் இறங்கி வந்தார். திங்கள்கிழமை தொடங்கிப் புறப்படும் நாள் வரை மெஷின் தானாகவே ஃபைலை மாற்ற வேண்டும். இவள் தொடக் கூடாது. காலையில் அவரே வந்து பார்ப்பார். ஒரு நாள் தவறினாலும் லீவில் கையெழுத்து இல்லை.

வீட்டில் இதைக் கேட்டதும் நான் கொதித்தேன். "அந்த ஆளு யாருடி உன் கிட்னிக்குக் கையெழுத்துப் போட? வேலையத் தூக்கிக் கடாசிட்டு வா!"

அவள் துணி மடித்துக்கொண்டிருந்தாள். கை நிற்கவில்லை. "கடாசினா அண்ணன் காதுக்குப் போகாதா? என்னால பாப்பா வேல போச்சுன்னு அடுத்த நிமிஷம் பின்வாங்குவார். தடங்கல் எதுவும் இருக்கக் கூடாதுங்க. இருந்துச்சுன்னே அவருக்குத் தெரியக் கூடாது. நான் எழுதி முடிக்கிறேன், பாருங்க."

நானும் ஒரு சட்டையை எடுத்து மடிக்க ஆரம்பித்தேன். நான் துணி மடிப்பது அபூர்வம்.

எழுதினாள். அவள் கையால் செய்கிற ஒவ்வொன்றையும் வரிசையாகச் சொல்லும் ஒரு சின்ன நிரல். விடியற்காலையில் அதை எழுப்பிவிடும் வேலை மெஷினில் ஏற்கெனவே இருக்கும் ஒரு கடிகாரத்துடையது. முதலில் தன் கையாலேயே நிரலை ஓட்டிப் பார்த்தாள். கச்சிதமாக ஓடியது. கடிகாரத்திடம் ஒப்படைத்துவிட்டு வீட்டுக்கு வந்தாள். காலையில் போய்ப் பார்த்தால் பழைய ஃபைல் இருந்த இடத்தில் அப்படியே உட்கார்ந்திருக்கிறது. கையால் ஓட்டினாள், ஓடியது. மறுநாள் காலை மறுபடியும் இல்லை.

"நான் பக்கத்துல இருந்தா ஓடுது, எந்திரிச்சு வந்தா படுத்துக்குது" என்றாள். "சின்னப் புள்ளைக்குச் சோறு ஊட்டற மாதிரி இருக்கு."

இரண்டு நாள் அவள் சரியாகச் சாப்பிடவில்லை. மூன்றாம் நாள் சாயங்காலம் சிரித்துக்கொண்டே வந்தாள். காரணத்தை எனக்குப் புரிகிற மாதிரி சொன்னாள். "என்கிட்ட 'சர்க்கரைய எடு'ன்னு சொன்னா நேரா போய் எடுத்துடுவேன். உங்ககிட்ட சொன்னா?"

"எங்க இருக்குன்னு கேப்பேன்."

"கல்யாணமாகி இவ்வளவு வருஷமாயும் கேப்பீங்க. அந்தக் கடிகாரமும் உங்கள மாதிரிதான். எந்தச் சாமான் எங்க இருக்குன்னு எனக்குத் தெரியும்னு மெஷினுக்கும் தெரியும், அதனால நான் ஓட்டறப்ப தேடிக் குடுத்துடுது. கடிகாரத்துக்கு ஒண்ணுமே தெரியல. சமையல்கட்டு, எடது பக்க அலமாரி, மேல் தட்டு, நீல மூடி டப்பான்னு முழு விலாசம் சொன்னாத்தான் எடுக்கும்." ஒவ்வொரு வரியிலும் முழு விலாசத்தை எழுதிவிட்டிருந்தாள். எனக்குக் கொஞ்சம் அவமானம்தான், இருந்தாலும் அன்று சர்க்கரை டப்பாவை நானே கண்டுபிடித்தேன்.

திங்கள்கிழமை வந்தது. இவள் மெஷின் பக்கம் போகாமல் வராந்தாவில் நின்றாள். சாவிக்கொத்து அறையைத் திறந்து, அவள் சொல்லிக்கொடுத்தபடி திரையில் பார்த்தார். பழைய ஃபைலுக்குத் தேதி போட்டிருந்தது. புது ஃபைல் பிறந்திருந்தது. இவளுக்கு உயிர் வந்தது. மதியம் அவர் மறுபடியும் போய்ப் பார்த்திருக்கிறார், பயந்தவர் அல்லவா. புது ஃபைல் காலியாக இருந்தது. கல்லூரி முழுக்க காலையிலிருந்து இணையத்தில் மேய்கிறது, ஒரு வரிகூட இல்லை.

"பதிவு காணோம்!" என்று அவர் போட்ட சத்தத்துக்கு நூலகத்திலிருந்து ஆட்கள் வந்தார்களாம்.

இவள் உள்ளே ஓடினாள். பதிவு காணாமல் போகவில்லை. தேதி போட்டு ஒதுக்கி வைத்த பழைய ஃபைலிலேயே மெஷின் எழுதிக்கொண்டிருந்தது. பெயரை மாற்றிவிட்டால் போதுமா? எழுதுகிறவன் தலை நிமிரவே இல்லையே, அவனுக்கு என்ன தெரியும்? அவனைத் தட்டி, இதை மூடு, அதைத் திற என்று சொல்ல ஆள் வேண்டும். ஒரு வரியும் தொலையவில்லை என்று அவருக்குக் காட்டினாள். அவர் வியர்வையைத் துடைத்துக்கொண்டார்.

"தவறினா கையெழுத்து இல்லன்னு சொல்லியிருந்தேன்" என்றார்.

"தவறிச்சு சார். தொலையல. நாளைக்குத் தொடங்கி மறுபடியும் எண்ணுங்க."

"ஒரு நாள் குறையுமேம்மா?"

"புறப்படற வரைக்கும் எத்தன நாள் இருக்கோ அத்தனையும் எண்ணுங்க. இன்னொரு தடவ தவறினா நானே லீவு லெட்டரக் கிழிச்சுடறேன்."

அவள் கண்ணைப் பார்த்துவிட்டு அவர் சரி என்றாராம். அன்று சாயங்காலம் மச்சான் போன் செய்தார். "பாப்பா, உன் குரலே சரியில்லையே. ஆபீஸ்ல எதுனா தகராறா? இருந்தா சொல்லிடு, நான் டாக்டர்கிட்ட வேணாம்னு சொல்லிடறேன்." அந்தக் குரலில் ஒரு நிம்மதிகூட இருந்தது.

"தொண்டை கட்டிக்கிச்சு அண்ணா, வேற ஒண்ணுமில்ல" என்று சொல்லிவிட்டு வைத்தாள். வைத்ததும் ஸ்கூட்டர் சாவியைத் தேடினாள். "நானே கூட்டிட்டுப் போறேன் வா" என்று காரை எடுத்தேன்.

கல்லூரியில் வாட்ச்மேன் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு விட்டார். மெஷின் அறை குளிர்ந்து கிடந்தது. இவளைக் குழப்பிய கேள்வி ஒன்றுதான்: கையால் ஓட்டிய நாட்களில் எழுதுகிறவன் ஒழுங்காகப் புது ஃபைலுக்குத் தாவினானே, அப்போது அவனைத் தட்டியது யார்? நிரலின் அச்சுப் பிரதியை என் கையில் கொடுத்தாள். "நான் ஓட்டறேன். நீங்க இத வச்சுக்கிட்டு என் கையப் பாருங்க. காருல பாக்கற மாதிரி பாருங்க."

அடுத்தவர் கைகாலைப் பார்ப்பதுதான் என் பிழைப்பு. பார்த்தேன். நிரலை ஓட்டினாள். ஓடி முடிந்தது. அவள் திரும்பி என்னிடம், "பாத்தீங்களா, எல்லாம் இருக்கு" என்று சொல்லிக்கொண்டே இருந்தாள், விரல்கள் விசைப்பலகையில் எதையோ தட்டி முடித்தன.

"இப்ப என்ன தட்டின?"

"ஒண்ணும் தட்டலையே."

"தட்டின."

"இல்லீங்க!"

"ஏம்மா, என் கண்ணுக்கு முன்னாடி தட்டிட்டு இல்லங்கற! திரும்பிப் பாரு."

திரும்பினாள். திரையில் கடைசியாக ஒரு குட்டி வரி நின்றது. பழையதை மூடு, புதியதைத் திற என்று பிராக்ஸிக்கு இடும் கட்டளை. ஏழு வருஷமாகத் தினமும் ஃபைலை மாற்றியதும் அடித்து அடித்து, அவள் தலையை விட்டு அது விரலுக்குள் இறங்கிவிட்டிருந்தது. நிரலை எழுதும்போது தலையைத்தான் கேட்டாள், விரலைக் கேட்கவில்லை. அனுபவமுள்ள டிரைவர்கள் தங்கள் பிள்ளைக்குச் சொல்லித்தர உட்கார்ந்தால் கிளட்ச்சைச் சொல்ல மறந்துவிடுவார்கள், கால் பாட்டுக்கு மிதிக்கும். அந்தப் பிள்ளைகள்தான் அப்புறம் என்னிடம் வருகிறார்கள்.

அவள் கன்னத்தில் கை வைத்துக்கொண்டு சிரித்தாள். சிரிப்பு நடுவில் அழுகையாக மாறியது. நான் அச்சுப் பிரதியால் விசிறினேன், குளிரூட்டிய அறையில் விசிறிய ஒரே மனிதன் நானாகத்தான் இருப்பேன். அந்தக் குட்டி வரியை முழு விலாசத்தோடு நிரலில் சேர்த்தாள். அழுத்தி, ஒவ்வொரு எழுத்தாக அடித்தாள்.

மறுநாள் ஓடியது. அதற்கு மறுநாளும் ஓடியது. சாவிக்கொத்து காலையில் ஒரு தரம், மதியம் ஒரு தரம், சாயங்காலம் ஒரு தரம் பார்த்தார். ஞாயிற்றுக்கிழமைகூட வந்தாராம். அந்த ஞாயிற்றுக்கிழமை இவள் வீட்டில் இருந்தாள். கை வைக்க இடம் தெரியாமல் அலமாரியைக் கலைத்து அடுக்கினாள், மறுபடி கலைத்தாள். "போய் ஒரு பார்வை பாத்துட்டு வரவா?" என்றாள்.

"பயிற்சிக் காருல என் பக்கம் ஒரு பிரேக் இருக்கு" என்றேன். "நான் அதுல காலை வச்சுக்கிட்டே இருந்தா, ஓட்டறது நானா அவனா?"

முறைத்தாள். ஆனால் போகவில்லை.

புறப்படும் முன்தினம் சாவிக்கொத்து கையெழுத்துப் போட்டார். பேனாவை மூடிவிட்டு எழுந்து நின்று கும்பிட்டாராம். "போயிட்டு நல்லபடியா வாங்கம்மா. நான் என்ன பண்ணணும்?"

"தினமும் பாருங்க சார். தொடாதீங்க."

"தொட மாட்டேன்" என்றார். அவருக்கு அது எவ்வளவு கஷ்டம் என்று இவளுக்குத் தெரியும்.

ஆபரேஷன் நாள் காலையில் அண்ணனையும் தங்கையையும் பக்கத்துப் பக்கத்துத் தள்ளுகட்டிலில் வைத்திருந்தார்கள். மச்சான் கடைசி நிமிஷத்திலும் விடவில்லை. "ஆபீஸ்ல எல்லாம் ஒழுங்கா விட்டுட்டு வந்தியா பாப்பா?" என்றார்.

"எல்லாம் முடிச்சுட்டுதான் வந்தேன். நீ பேசாம படு" என்றாள். அவளை முதலில் உள்ளே தள்ளிக்கொண்டு போனார்கள்.

வராந்தாவில் நானும் அண்ணியும். என் மனைவியின் போன் என் சட்டைப் பையில் இருந்தது. அது அடித்தது. திரையில் சாவிக்கொத்து. வேண்டாத தெய்வம் இல்லை.

"மேடம் எப்படி இருக்காங்க?" என்றார்.

"உள்ள இருக்காங்க சார். ஃபைல் எதுனா..."

"காலைல தானா மாறிடுச்சு. நான் தொடல. அவங்க கண் முழிச்சதும் சொல்லுங்க, நிம்மதியா இருக்கும்."

நான் அந்தச் செய்தியைப் பொட்டலம் கட்டிப் பத்திரமாக வைத்துக்கொண்டேன். மாலையில் அவளைப் பார்க்க விட்டார்கள். முகம் வெளுத்து, உதடு காய்ந்து கிடந்தாள். கண் திறந்தது. குனிந்து, "ஃபைல்..." என்று ஆரம்பித்தேன்.

"அண்ணனுக்கு ஒண்ணுக்கு வந்துச்சா?" என்றாள்.

வந்திருந்தது. வைத்துத் தைக்கும்போதே வந்துவிட்டதாம். பை நிரம்ப நிரம்ப மாற்றுகிறார்கள், நர்ஸ் அதைத் தூக்கிக் காட்டியதும் அண்ணி வராந்தாவிலேயே உட்கார்ந்து அழுதுவிட்டாள், அதையெல்லாம் சொன்னேன். கண்ணை மூடிக்கொண்டாள். காதோரம் நீர் வழிந்தது. ஃபைல் செய்தியை நான் அப்புறம் சொன்னபோது "ம்" என்றாள், அவ்வளவுதான்.

மறுநாள் மச்சான், கிருமி அண்டாமல் அவரைத் தனியாக வைத்திருந்த கண்ணாடி அறையிலிருந்து போன் செய்தார். ஒலிபெருக்கியைப் போட்டு அவள் காதருகே பிடித்தேன். முதலில் பேச்சு வரவில்லை. மடக் மடக் என்று ஏதோ சத்தம். எனக்கு விளங்கவில்லை, அவளுக்கு உடனே விளங்கிவிட்டது. நோய் வந்த நாளிலிருந்து அவருக்குத் தண்ணீர் அளவுதான். கோடையில்கூட ஒரு ஐஸ் துண்டை வாயில் அடக்கிக்கொண்டு தாகத்தோடு படுத்திருப்பார். இப்போது டாக்டரே குடிக்கச் சொல்லியிருக்கிறார்.

டம்ளரை வைக்கும் சத்தம் கேட்டது. "கேட்டுச்சா பாப்பா?" என்றார்.

அவள் வயிற்றுத் தையலை ஒரு கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டாள். "கேட்டுச்சு அண்ணா" என்றாள். "இன்னொரு டம்ளர் குடி."